கேம் பற்றிய வாதத்தை அளந்து தீர்ப்பது எப்படி

வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும்போது சில வாதங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. இந்த கேமில் மனிதர்கள் கீழே விழுவது நிஜ உலகில் விழுவது போலவே இருக்கிறது என்பார் ஒருவர். நிலவில் மிதப்பது போல இருக்கிறது என்பார் மற்றவர். கடைசி அப்டேட்டுக்குப் பிறகு அரிய பொருள்கள் கிடைப்பதே இல்லை என்று ஒருவர் குறைபட்டால், தனக்கு நேற்றுதான் இரண்டு கிடைத்தன என்று இன்னொருவர் மறுப்பார். திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களான ஃபிரேம்கள் விநாடிக்கு 60 வருவதற்கும் 120 வருவதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், தெரியாது என்பது பல ஆண்டுகளாக ஓயாத சண்டை. இவை பெரும்பாலும் யார் அதிக நேரம் விளையாடியவர், யார் உரத்துப் பேசுகிறவர் என்பதைப் பொறுத்தே முடிகின்றன. அப்படி முடிய விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த மூன்று கேள்விகளுக்கும் வீட்டிலிருக்கும் கருவிகளைக் கொண்டே அளந்து விடை காண முடியும். ஒரே செயலை ஆயிரம் முறை அதே நிலையிலிருந்து செய்து பார்க்கும் வசதி, எதையும் உடைத்துவிடுவோம் என்ற பயமின்மை, நடந்ததை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு ஆகியவற்றை கேம் நமக்கு இலவசமாகத் தருகிறது. உண்மையான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் இவற்றுக்காக எவ்வளவோ பாடுபடுகிறார்கள்.

கேள்வியை முதலில் செதுக்குதல்

அளக்கத் தொடங்குவதற்கு முன்பு, வாதத்தை ஓர் எண்ணைக் கேட்கும் கேள்வியாக மாற்ற வேண்டும். "இந்த கேமின் இயற்பியல் சரியில்லை" என்பதை யாராலும் சோதிக்க முடியாது. "இந்த கேமில் உயரத்திலிருந்து விழும் பாத்திரத்தின் வேகம் தரையைத் தொடும்வரை கூடிக்கொண்டே போகிறதா, அல்லது ஓர் எல்லையில் நின்றுவிடுகிறதா?" என்று கேட்டால் சோதிக்கலாம். நல்ல கேள்விக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. என்ன விடை வந்தால் நம் கருத்தைக் கைவிடுவோம் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். அதைச் சொல்ல முடியவில்லை என்றால், எந்த விடை வந்தாலும் நாம் அதை நமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளப் போகிறோம் என்று பொருள்.

அந்த விடையைத் தாளில் எழுதிவைப்பது இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் மிகவும் வற்புறுத்தும் படி. கேள்வி, எத்தனை முறை சோதிக்கப் போகிறோம், எந்த முடிவு எதைக் காட்டும் ஆகிய மூன்றையும் சோதனைக்கு முன்பே எழுதி, எதிர்க்கருத்து உள்ளவரிடமும் காட்டி, அவருடைய சம்மதத்தைப் பெற்றுவிட வேண்டும். முடிவு வந்த பிறகு அளவுகோலைப் பற்றிச் சண்டையிடுவது வீண்வேலை. முடிவு தெரியாத நிலையில் இருவரும் நேர்மையாகவே இருப்பார்கள்.

விழும் வேகத்தை அளத்தல்

ஈர்ப்பைக் கணக்கிடுவது வீடியோ கேம் அளவுக்கே பழைய வேலை. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் மின் அலைகளை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியின் திரையில் டென்னிஸ் ஆடும் கருவியை அமைத்தபோது, பந்தின் வளைவான பாதையை ஓர் அனலாக் கணினி கணக்கிட்டுக் கொடுத்தது. 1962-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பேஸ்வார் என்ற விண்கப்பல் கேமில் நடுவிலிருக்கும் விண்மீன் கப்பல்களைத் தன்பக்கம் இழுத்தது. அந்த இழுப்பைப் பயன்படுத்தி வளைந்து செல்லக் கற்றவரே வென்றார். ஆகவே ஒரு கேமின் ஈர்ப்பை அளப்பது, அதை உருவாக்கியவர் எழுதிய கணக்கைப் பின்பக்கமாகப் படிப்பதற்குச் சமம்.

தேவைப்படுபவை ஒரு திரைப்பதிவு மென்பொருள், பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திக் காட்டும் பிளேயர், ஒரு தாள் ஆகியவை மட்டுமே. பதிவை விநாடிக்கு 60 ஃபிரேம் என்ற நிலையான வேகத்தில் வைக்க வேண்டும். சில மென்பொருள்கள், குறிப்பாகக் கைப்பேசியில் உள்ளவை, ஃபிரேம் வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். அப்படி மாறினால் ஃபிரேம்களை எண்ணி நேரத்தைக் கணக்கிட முடியாது. சரிபார்ப்பதற்கு, ஓடும் நிறுத்துக் கடிகாரம் ஒன்றை ஒரு நிமிடம் பதிவுசெய்து, 600 ஃபிரேமுக்கு அது சரியாகப் பத்து விநாடி காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். கேமுக்குள் கேமராவை நகராதபடி நிறுத்தி, விழும் பாத்திரத்தைப் பக்கவாட்டிலிருந்து, கூடுமானவரை தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். கேமரா பாத்திரத்தைப் பின்தொடரும் கேம்களில், பின்னணியிலுள்ள சுவரின் கல் வரிசைகளை அளவுகோலாகக் கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் பாத்திரத்தின் கால் எந்த வரிசையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

இங்கே பலரும் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் தூரம் எத்தனை மீட்டர் என்று தெரியாமல் ஈர்ப்பை எப்படிக் கணக்கிடுவது? இதற்கு கலீலியோவின் வழி கைகொடுக்கிறது. சாய்பலகையில் உருளும் பந்துகளை வைத்து அவர் கண்டது, சமமான கால இடைவெளிகளில் பந்து கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளர்கின்றன என்பது. இந்த விகிதத்தைக் காண மீட்டர் தேவையில்லை. கல் வரிசை, பிக்சல், பாத்திரத்தின் உயரம் எதை அலகாகக் கொண்டாலும் விகிதம் மாறாது. எனவே பத்துப் பத்து ஃபிரேம்களுக்கு ஒருமுறை பாத்திரத்தின் இடத்தைக் குறித்து, அடுத்தடுத்த குறிகளுக்கு இடையிலான தூரங்களைக் கழித்துப் பாருங்கள். ஒற்றைப்படை விகிதம் வந்தால், அந்த கேம் காற்றுத் தடையற்ற சீரான முடுக்கத்தைப் பயன்படுத்துகிறது. தூரங்கள் எல்லாம் சமமாக இருந்தால் பாத்திரம் ஒரே வேகத்தில் இறங்குகிறது, முடுக்கமே இல்லை. முதலில் வளர்ந்து பிறகு சமமாகிவிட்டால் உச்ச வேகம் ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது.

விழுதல் தொடங்கிய ஃபிரேமைச் சரியாகப் பிடிப்பது கடினம். ஒன்றிரண்டு ஃபிரேம் தவறினால் 1, 3, 5 என்ற விகிதம் கலைந்துவிடும். அதற்கு மருந்து, வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்ப்பது. சீரான முடுக்கத்தில் ஒவ்வோர் இடைவெளியின் தூரமும் முந்தையதைவிட ஒரே அளவு கூடும், தொடக்கத்தை எங்கே எடுத்துக்கொண்டாலும். பூமியில் விழும் பொருளுக்கு விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வேகம் கூடுவதால், பத்து ஃபிரேம், அதாவது ஆறில் ஒரு விநாடி இடைவெளியில், இந்தக் கூடுதல் 9.8-ஐ 36-ஆல் வகுத்துக் கிடைக்கும் 27 சென்டிமீட்டர். கேமில் ஆள் நுழையும் கதவு ஒன்றை 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு உங்கள் அளவை மீட்டராக மாற்றினால், அந்த உலகின் ஈர்ப்பு பூமியுடையதைப் போல எத்தனை மடங்கு என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான ஓட்ட, தாவல் கேம்களில் இந்த மடங்கு ஒன்றைவிட அதிகமாகவே வரும். உண்மையான ஈர்ப்பில் ஆளுயரத்துக்கு மேல் தாவினால் பாத்திரம் காற்றில் மிக நீண்ட நேரம் தங்கும். ஆடுகிறவருக்கு அது மந்தமாகத் தோன்றும் என்பதால் உருவாக்குகிறவர்கள் தாவலையும் ஈர்ப்பையும் சேர்த்தே கூட்டிவிடுகிறார்கள்.

மைன்கிராஃப்டை எடுத்துக்கொண்டால் இந்தச் சோதனை மிக அழகாக அமையும், ஏனெனில் அந்த உலகத்தைக் கட்டும் கனசதுரமான பிளாக் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் என்று கொள்ளப்படுகிறது. அளவுகோல் உலகத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. அந்த கேம் விநாடிக்கு 20 டிக், அதாவது 20 கணக்கீட்டுப் படிகள், என்ற கணக்கில் ஓடுகிறது. அதன் ஜாவா பதிப்பில் விழும் ஆட்டக்காரரின் வேகம் ஒவ்வொரு டிக்கிலும் 0.08 பிளாக் கூட்டப்பட்டு, பிறகு அதில் 2 சதவீதம் குறைக்கப்படுகிறது. 0.08-ஐ 20-ஆல் இருமுறை பெருக்கினால் விநாடிக்கு விநாடி 32 மீட்டர் என்று வரும். பூமியைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அந்த 2 சதவீதக் குறைப்பு காற்றுத் தடையின் வேலையைச் செய்வதால், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் விநாடிக்கு 78.4 மீட்டரைத் தாண்டாது. கணக்கிட்டுப் பார்த்தால் முதல் விநாடி முடிவில் ஏறத்தாழ 13 பிளாக், இரண்டாவது விநாடி முடிவில் 48, மூன்றாவதன் முடிவில் 98 பிளாக் விழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விநாடியிலும் கடந்த தூரம் 13, 35, 50 என்று வருகிறது. 1, 3, 5 என்ற விகிதத்தில் இருந்திருந்தால் 13, 39, 65 என்று வந்திருக்கும். பூமியில் காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாமல் விட்டால் மூன்று விநாடியில் மொத்தமே 44 மீட்டர்தான். நூறு பிளாக்குக்கு மேல் உயரமான கோபுரம் கட்டி, பத்து பிளாக்குக்கு ஒருமுறை நிறத்தை மாற்றி அடையாளம் வைத்து, விளிம்பிலிருந்து விழுந்து பதிவுசெய்து பாருங்கள். உங்கள் எண்கள் இவற்றிலிருந்து ஓரிரு பிளாக் விலகினால் கலங்க வேண்டாம். மூன்றாவது விநாடியின் முடிவில் பாத்திரம் ஒரு டிக்குக்கு ஏறத்தாழ 2.7 பிளாக் வேகத்தில் விழுகிறது. தொடக்க நேரத்தைக் கணிப்பதில் இருபதில் ஒரு விநாடி பிசகினாலே அவ்வளவு மாறும். பிழையின் அளவு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்தவருடைய அளவீட்டை நம்பலாம்.

தாவலை அளப்பதும் இதே முறைதான், ஆனால் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் தனித்தனியாக எண்ண வேண்டும். இயற்கையில் ஒரே உயரத்துக்கு இரண்டும் சமம். பல கேம்களில் சமமில்லை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் தாவும் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஏறும்போது ஈர்ப்பு குறைவாகவும், விட்டவுடன் அதிகமாகவும் இருக்கும்; சிறிய தாவலும் பெரிய தாவலும் ஒரே பட்டனில் கிடைப்பது அதனால்தான். கையில் அந்த கேம் இருந்தால் இதை அளந்து பார்க்கும் மகிழ்ச்சியை இழந்துவிடாதீர்கள்.

அதிர்ஷ்டத்தை எண்ணுதல்

வாதங்களில் மிகுதியானவையும் மிகச் சூடானவையும் நிகழ்தகவைப் பற்றியவை. மனித நினைவு இந்த விஷயத்தில் நம்பத்தகாத சாட்சி. ஏமாற்றங்களும் வியப்புகளும் நினைவில் நிற்க, எதுவும் நடக்காத நூறு முயற்சிகள் மறைந்துவிடுகின்றன. எனவே முதல் விதி, ஒவ்வொரு முயற்சியையும், தோல்வி உட்பட, நடந்த உடனேயே எழுதுவது. இரண்டாம் விதி, எத்தனை முயற்சியில் நிறுத்துவது என்று முன்பே முடிவுசெய்வது. அரிய பொருள் கிடைத்தவுடன் எண்ணுவதை நிறுத்துகிறவரின் கணக்கு வெற்றியிலேயே முடிவதால் நிகழ்தகவை மிகையாகக் காட்டும். வெறுத்துப் போய் நிறுத்துகிறவரின் கணக்கு குறைத்துக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பெட்டியைத் திறந்தால் அரிய பொருள் கிடைக்க 10 சதவீத வாய்ப்பு என்று கேம் சொல்கிறது. நீங்கள் 50 பெட்டிகளைத் திறந்தீர்கள். இரண்டு மட்டுமே கிடைத்தன. ஐந்து கிடைத்திருக்க வேண்டுமே என்ற ஆத்திரம் இயல்பானது. ஆனால் உண்மையிலேயே 10 சதவீதமாக இருந்தாலும், 50 பெட்டிகளில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ கிடைப்பதற்கு ஏறத்தாழ 11 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது பேர் இப்படித் திறந்தால் அவர்களில் ஒருவருக்கு இந்த அனுபவம் நேர்வது சாதாரணம். இதே விகிதத்தில் 500 பெட்டிகளுக்கு 20 கிடைத்திருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. எதிர்பார்ப்பு 50. திட்ட விலக்கம், அதாவது தற்செயலாக இப்படியும் அப்படியும் ஊசலாடும் வழக்கமான அளவு, 500-ஐ 0.1-ஆலும் 0.9-ஆலும் பெருக்கிய 45-இன் வர்க்கமூலமான 6.7. நீங்கள் 30 குறைவாகப் பெற்றிருக்கிறீர்கள். அது நான்கரை திட்ட விலக்கம். இரண்டுக்குள் இருந்தால் அமைதியாக இருக்கலாம், மூன்றைத் தாண்டினால் கேள்வி எழுப்பலாம் என்பது நான் பின்பற்றும் எல்லை. எத்தனை முயற்சி வேண்டும் என்பதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நிகழ்வில் 100 முறை சோதித்தால் விடையில் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் இப்படியோ அப்படியோ பிழை இருக்கும்; 400 முறை சோதித்தால் 5; 1,000 முறை சோதித்தால் 3. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டும்.

ஒருமுறைகூடக் கிடைக்காவிட்டால் என்ன சொல்வது? 3-ஐ முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 300 முயற்சியிலும் கிடைக்கவில்லை என்றால் உண்மையான வாய்ப்பு 100-இல் ஒன்றுக்கு மேல் இருக்காது என்று 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லலாம். பூஜ்யம் என்று சொல்ல முடியாது. இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். போகிமான் கேம்களில் வேறு நிறத்தில் தோன்றும் அரிய வகையைச் சந்திக்கும் அடிப்படை வாய்ப்பு 2013 முதல் 4,096-இல் ஒன்று. 4,096 முறை சந்தித்தால் ஒன்று நிச்சயம் வரும் என்று பலர் நம்பி உட்கார்ந்திருப்பது பரிதாபமானது. அத்தனை முறை முயன்ற பிறகும் வெறுங்கையுடன் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம். பகடைக்கு நினைவு கிடையாது என்பதால், கடந்துபோன தோல்விகள் அடுத்த முயற்சியை நெருங்கச் செய்வதில்லை.

ஆனால் கேமுக்கு நினைவு இருக்கலாம். இந்த இடத்தில்தான் கவனம் மிகவும் தேவை. சில கேம்கள் எழுதிக் காட்டும் வாய்ப்பும் உள்ளே நடக்கும் கணக்கும் வேறு வேறு. கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கான அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், ஆனால் 90-ஆவது முயற்சிக்குள் கட்டாயம் கிடைக்கும் என்ற விதியும் உள்ளதால், அதையும் சேர்த்த சராசரி 1.6 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2002 முதல் ஃபயர் எம்பளம் தொடரின் பல கேம்கள் தாக்குதல் படுமா என்பதை ஒரு தற்செயல் எண்ணால் முடிவு செய்யாமல் இரண்டு எண்களின் சராசரியால் முடிவு செய்தன. அதனால் 75 சதவீதம் என்று திரையில் தெரியும் அடி உண்மையில் ஏறத்தாழ 88 சதவீதம் படும், 25 சதவீதம் என்று தெரியும் அடி ஏறத்தாழ 13 சதவீதமே படும். மனிதர்கள் 75 சதவீதத்தை ஏறக்குறைய நிச்சயம் என்றே உணர்வதால், அந்த உணர்வுக்கு ஏற்ப அது அமைகிறது. இப்போதைய டெட்ரிஸில் ஏழு துண்டுகளும் ஒரு பையில் போட்டுக் குலுக்கியது போல வருகின்றன. பை தீர்ந்த பிறகே அடுத்த குலுக்கல். ஆகவே நீளத் துண்டு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 12 துண்டுகளுக்கு மேல் வரவே முடியாது. 1993-இல் வந்த டூம், 256 எண்கள் கொண்ட மாறாத பட்டியல் ஒன்றை வரிசையாக வாசித்தே தற்செயலை உருவாக்கியது. இத்தகைய ஏற்பாடுகளைக் கண்டறிய மொத்த எண்ணிக்கை போதாது. எந்த முயற்சியில் எது வந்தது என்ற வரிசையையும் எழுதியிருக்க வேண்டும். வெற்றிக்கும் வெற்றிக்கும் இடையில் எத்தனை தோல்விகள் என்பதைத் தனியாகப் பட்டியலிட்டால், உண்மையான பகடையாக இருந்தால் மிக நீண்ட வறட்சிகளும் அவ்வப்போது தென்படும். நினைவுள்ள கேமில் அவை ஓர் எல்லையில் வெட்டியது போல நின்றுவிடும்.

இந்த முறை எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2020-இல் நடந்த ஒரு விவகாரம் சான்று. மைன்கிராஃப்டை மிக விரைவாக முடிக்கும் ஓட்டங்களில் ஒரு பிரபல ஆட்டக்காரருக்கு அதிர்ஷ்டம் அளவுக்கு மிஞ்சி இருப்பதாகச் சந்தேகம் எழுந்தது. அந்த ஓட்டங்களைச் சரிபார்க்கும் குழு அவருடைய நேரலைகளை எண்ணியது. 4.7 சதவீத வாய்ப்புள்ள பண்டமாற்று 262 முறை நடந்ததில் 12 வெற்றி வந்திருக்க வேண்டிய இடத்தில் 42 வந்திருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள இன்னொன்று 305-இல் 211 முறை நடந்திருந்தது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் முதலாவது எட்டு திட்ட விலக்கத்துக்கு மேல், இரண்டாவது ஆறுக்கு மேல். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்தக் குழு எடுத்துக்கொண்ட எச்சரிக்கை. அதிர்ஷ்டமாகத் தெரிந்த ஓட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கலாம், வெற்றி வந்தவுடன் எண்ணிக்கை நின்றிருக்கலாம், ஆயிரக்கணக்கானோர் ஆடும்போது யாராவது ஒருவருக்கு அபூர்வம் நேரலாம் என்ற சாத்தியங்கள் அனைத்துக்கும் ஆட்டக்காரருக்குச் சாதகமாகக் கழிவு கொடுத்த பிறகே அவர்கள் முடிவைச் சொன்னார்கள். தன் கேம் மாற்றப்பட்டிருந்தது என்பதை அந்த ஆட்டக்காரர் 2021-இல் ஒப்புக்கொண்டார். அது தனக்கே தெரியாமல் நடந்தது என்றும் கூறினார். எதிராளிக்குச் சாதகமாகக் கழிவு கொடுத்த பிறகும் நிற்கும் முடிவையே நாமும் முன்வைக்க வேண்டும்.

அறியாமல் சோதித்தல்

120 ஃபிரேம் வழவழப்பாக இருக்கிறது, கையில் பிடித்து ஆடும் புது கன்ட்ரோலர் அழுத்தியவுடனே வேலை செய்கிறது என்பன போன்ற உணர்வுகளைச் சோதிக்கும்போது, எது ஓடுகிறது என்று சோதிக்கப்படுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் எதிர்பார்த்ததையே உணரும். இது அறிவாளிக்கும் நேரும். ஒரு நண்பர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 60, பூ விழுந்தால் 120 என்று அமைப்பை மாற்ற வேண்டும். அப்போது நீங்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் மூலை எழுத்தை மறைத்துவிட வேண்டும். கணினியின் விசிறிச் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால் ஹெட்போன் அணிவது நல்லது. பத்து முறை செய்தால் குறைந்தது ஒன்பது முறை சரியாகச் சொல்ல வேண்டும்; குருட்டாம்போக்கில் அத்தனை சரியாக வருவதற்கு வாய்ப்பு 1 சதவீதமே. எட்டு சரியாக வந்தால் அது 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். அப்போது இன்னொரு நாள் இருபது முறை புதிதாகச் சோதித்து, பதினைந்து சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். பழைய பத்தோடு புதியதைச் சேர்க்கக் கூடாது.

கன்ட்ரோலரின் தாமதத்துக்கு உணர்வையே நம்பத் தேவையில்லை. இப்போதைய பல கைப்பேசிகள் விநாடிக்கு 240 ஃபிரேமில் மெதுவோட்டப் பதிவு எடுக்கின்றன. விரலும் திரையும் ஒரே காட்சியில் தெரியும்படி வைத்து, பட்டன் முழுதாக அழுந்தியது முதல் திரையில் முதல் அசைவு தெரியும்வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள், ஒவ்வொன்றும் 4.2 மில்லிவிநாடி. இருபது முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். 60 ஃபிரேம் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி நீடிப்பதால், அதற்குள் எந்தக் கணத்தில் அழுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் விடை மாறும். தொலைக்காட்சியில் விளையாடுகிறவர்கள், அதன் கேம் மோடை அணைத்தும் இயக்கியும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். படத்தை மெருகேற்றும் வேலைகளைத் தொலைக்காட்சி அந்த மோடில் நிறுத்திவிடுவதால் தாமதம் குறையும். பணம் செலவழித்து வாங்கிய கன்ட்ரோலர் கொடுக்காத பலனை அந்த ஒரு பொத்தான் கொடுத்துவிடுவதுண்டு.

திரைக்கு வெளியே

இந்தப் பழக்கம் கைவந்த பிறகு அன்றாட வாழ்க்கையின் மனக்குறைகளையும் அதே கண்ணால் பார்க்கலாம். மூன்று வரிசைகள் இருக்குமிடத்தில் நான் நிற்கும் வரிசைதான் எப்போதும் மெதுவாக நகர்கிறது என்று தோன்றினால், மூன்றில் ஒன்றே மிக வேகமானதாக இருக்க முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு முறை நம்மைவிட வேகமான வரிசை பக்கத்தில் இருப்பதே நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு சிக்னல் 90 விநாடிச் சுற்றில் 60 விநாடி சிவப்பாக இருந்தால், எந்த நேரத்தில் போனாலும் மூன்றில் இரண்டு முறை சிவப்பையே சந்திப்போம். பேருந்துக்காகக் காத்திருப்பது இன்னும் சுவையான கணக்கு. பேருந்துகள் 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி இடைவெளி 10 நிமிடம். ஆனால் நினைத்த நேரத்தில் போய் நிற்கிறவர் நீண்ட இடைவெளிக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நான்கில் மூன்று என்பதால், அவர் சராசரியாகக் காத்திருப்பது 5 நிமிடம் இல்லை, ஆறேகால் நிமிடம். நம் அதிர்ஷ்டம் மோசம் என்ற உணர்வுக்குப் பின்னால் இப்படி ஓர் உண்மையான காரணம் இருக்கக்கூடும் என்பதால், உணர்வை ஏளனம் செய்யாமல் எண்ணிப் பார்ப்பது நல்லது.

வேலைக்குப் போக இரண்டு வழிகளில் எது விரைவானது என்று வீட்டில் வாதம் இருந்தால், ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது நாணயத்தைச் சுண்டி வழியைத் தேர்ந்தெடுத்து, கதவைப் பூட்டியது முதல் போய்ச் சேர்ந்தது வரையிலான நேரத்தை இருபது நாள் குறியுங்கள். நாணயம் அவசியம். நாமே தேர்ந்தெடுத்தால் தாமதமான நாள்களில் நம்பிக்கையான வழியிலும் ஓய்வான நாள்களில் மற்றதிலும் போவோம். அப்போது வழிகளை ஒப்பிடாமல் நம் மனநிலைகளையே ஒப்பிட்டிருப்போம்.

முடிவைச் சொல்லுதல்

அளந்ததைப் பிறரிடம் சொல்லும்போது, அவர் தானே திரும்பச் செய்து பார்க்கத் தேவையானவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கேமின் பதிப்பு எண், கடின நிலை, ஃபிரேம் வேகம், எத்தனை முயற்சி, எதை வெற்றி என்று எண்ணினோம். பதிப்பு எண்ணை விட்டுவிடாதீர்கள். ஓர் அப்டேட் நேற்றைய சரியான விடையை இன்று தவறாக்கிவிடும். எண்ணைப் பிழை அளவோடு சொல்லுங்கள். "4 சதவீதம்" என்பதைவிட "500-இல் 20, அதாவது 2 முதல் 6 சதவீதத்துக்குள்" என்பது கேட்பவருக்கு அதிகம் உதவும். உங்களுக்கு எதிராக வந்த முடிவையும் அதே விவரத்தோடு சொல்ல வேண்டும். முன்பு எழுதிவைத்த தாளை அப்போது எடுத்துக் காட்டலாம். யாராவது திரும்பச் செய்து வேறு விடை பெற்றால், இருவருடைய பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து, முதல் முயற்சியிலிருந்து வரிவரியாக ஒப்பிடத் தொடங்குங்கள். பெரும்பாலும் எதை ஒரு முயற்சியாக எண்ணினோம் என்பதிலேயே வேறுபாடு இருக்கும்.